பரவாயில்லம்மா, நீங்க இருங்க

1

எங்கள் அலுவலகத்தில் ஜூன் ஓய்வு பெற்ற நாளன்று மதியம் கேக் வெட்டினோம். ஜூன் என்பது பத்து வருஷத்துக்கு மேலாக எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த அம்மாளின் பெயர். முதல் தடவை ஊருக்குப் போனபோது இந்தப் பெயரைச் சொன்னதும் அம்மா, "பொறந்த மாசத்தையே பேரா வெச்சுட்டாங்களா?" என்று கேட்டார். ஜூன் பிறந்தது நவம்பரில்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, துணி ஆலைகள் மூடிப்போன ஒரு நகரத்தில். வேலை கவுன்சிலில். நம்மூர் நகராட்சி மாதிரிதான் அது: குப்பை, தெருவிளக்கு, நூலகம், வீட்டு வரி. அதில் என் பங்கு, வீட்டு வாசலில் கார் நிறுத்திக்கொள்ள மக்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்குவது. சீட்டு கேட்டும், சீட்டு கிடைக்காமல் கோபப்பட்டும் எழுதுகிறவர்களுக்கு நான் பதில் எழுத வேண்டும். என் மனைவி பிலோமினா செவிலியர். அவளுக்கு இங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் அவளோடு வந்தவன் நான். அதற்கு முன் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் இருந்தேன்.

கேக் தின்று முடித்து எல்லோரும் கலையும்போது ஜூன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "இனிமேல் உன் கடிதங்களையெல்லாம் யார் சரிபண்ணப் போகிறார்கள், லவ்?" என்றார். இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள். நம் பக்கத்தில் கண்ணு என்பதைப் போல.

"எந்தக் கடிதங்கள்?" என்று கேட்டேன்.

ஜூனின் முகம் மாறிவிட்டது. தெரியாமல் காலை மிதித்துவிட்டவரைப் போலப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார். நான் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே, நான் எழுதும் பதில்கள் வெளியே போவதற்கு முன் அவரிடம் போயிருக்கின்றன. அவர் திருத்தி, சிலவற்றை முழுவதுமாக மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார். எங்கள் மேலாளர் கிரஹாம்தான் அப்படிச் செய்யச் சொன்னாராம்.

"உன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அடிக்கடி தோன்றும்" என்றார் ஜூன். "ஆனால் நீ அவ்வளவு பிரியமாக எழுதுவாய். உன் மனசை நோகடிக்க யாருக்கும் மனம் வரவில்லை."

2

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காதும் கழுத்தும் சூடாக இருந்தன. அவ்வளவுதான்.

மறுநாள் ஜூனுக்குப் போன் செய்து, ஓர் உதாரணமாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். ஒரு மூதாட்டி, தன் கணவர் இறந்துவிட்டார், அவர் பெயரில் உள்ள சீட்டை என் பெயருக்கு மாற்றித் தாருங்கள் என்று எழுதியிருந்தார். நான் மிகுந்த துக்கத்தோடுதான் பதில் எழுதினேன். உங்கள் கணவர் எக்ஸ்பயர் ஆனதை அறிந்து வருந்துகிறோம் என்று ஆரம்பித்தேன். நம்மூரில் மனிதர்கள் எக்ஸ்பயர் ஆவார்கள். ஆஸ்பத்திரியிலேயே அப்படித்தான் சொல்வார்கள், அதில் ஒரு மரியாதை கூட உண்டு. இங்கே எக்ஸ்பயர் ஆவது பாலும் ரொட்டியும் பார்க்கிங் சீட்டும் மட்டும்தான். அந்தக் கடிதம் அப்படியே போயிருந்தால் அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பார்!

என் மகள் அனிதா சிரி சிரியென்று சிரித்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. இந்த ஊர்க்காரர்களைப் போலவே இங்கிலீஷ் பேசுவாள். "நான் எத்தனை வாட்டி சொன்னேன்ப்பா, உன் இங்கிலீஷ் ஃபன்னியா இருக்குன்னு. நீ கேக்கல" என்றாள். உண்மைதான். அவள் சொன்னதைப் பிள்ளை பேச்சு என்று விட்டுவிட்டேன்.

குழுத் தலைவர் பதவிக்கு நான் இரண்டு முறை விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டு முறையும் கிரஹாம் என்னைத் தன் அறைக்கு அழைத்து, தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்து, "நீ அருமையாக வேலை செய்கிறாய், இந்த முறை போட்டி கொஞ்சம் அதிகம்" என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லும்போது அவர் காது சிவக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதில் வேடிக்கை, அலுவலகத்தில் எல்லா நிறத்தவரையும் மொழிக்காரர்களையும் உடல் குறை உள்ளவர்களையும் சமமாகச் சேர்த்துக்கொள்வதற்கென்று கவுன்சிலில் ஒரு குழு இருக்கிறது. நான் அதில் உறுப்பினன். கூட்டம் நடக்கும், பிஸ்கட் வரும். கீழ்த்தளத்து வரவேற்பறையில் இருக்கும் பெரிய சுவரொட்டியில் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருப்போம். நான் நடுவில். படத்தை மாட்டிய அதே மாதத்திலும் மாடியில் என் கடிதங்களை மாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இதைச் செய்த ஒருவர் மீதும் எனக்கு வெறுப்பு வரவில்லை. பனிக்காலத்தில் என் காரைக் கிளப்ப விறைக்க விறைக்க நின்றவர் கிரஹாம். பிலோமினா ஆபரேஷனுக்குப் போன இரவில் எங்கள் வீட்டுக்குச் சூப் கொண்டுவந்தவர் ஜூன். அதனால்தான் யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது என்று தெரியாமல் இருந்தது.

3

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை என் தங்கை ரெஜினா எங்கள் ஊரான நாகலூரிலிருந்து கூப்பிட்டாள்.

ரெஜினாவுக்கு நடை பழகும் முன்பே இளம்பிள்ளை வாதம் வந்துவிட்டது. இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கக்கத்தில் கட்டை ஊன்றிச் சமதரையில் நடப்பாள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அப்பா அவளைத் தினமும் பஸ்ஸில் ஏற்றி இறக்கி ஏற்காட்டில் படிக்க வைத்தார். அவள் அரசுத் தேர்வு எழுதி, மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் தேறி, மலையில் உள்ள ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளரானாள். எந்த அலுவலகம் என்று சொல்வதற்கில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். மக்கள் கொடுக்கும் மனுக்களைப் பதிந்து, உரிய இடத்துக்கு அனுப்பி, பதில் வாங்குவது அவள் வேலை. அப்பா போன பிறகு, பக்கத்துக்கு ஒரு சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டாள். நாகலூர் வளைவுகளில் அவள் அதை ஓட்டும் வேகத்தைப் பார்த்தால் அம்மா மாதாவைக் கூப்பிடுவார்.

"ஏனுங்ணா, புது பில்டிங்குக்கு ஆபீஸ் மாறுதுங்க" என்றாள்.

"நல்லதுதான கண்ணு. பழசு ஒழுகுதுன்னு சொன்னியே."

"ஒழுகுனாலும் அது தரைல இருந்துச்சுங்ணா. இதுல எல்லாரும் ஒக்கார்ற எடம் மாடில."

"லிப்ட் இல்லியா?"

"லிப்ட்டெல்லாம் ஓட்டல்ல இருக்குதுங்க. எங்க ஆபீசுல இல்லீங்க. வாசல்ல சாய்தளம் கட்டியிருக்காங்க. நொம்ப நல்லாக் கட்டியிருக்காங்க, பக்கத்துல புடிச்சுக்கறதுக்குப் பளபளன்னு கம்பி. அதுல ஏறுனா மீட்டிங் ஹாலு. ஹாலுக்கு அந்தப் பக்கம் மாடிப்படி."

"அப்ப நீ எப்படிப் போவே?"

"போக வேண்டாம்னுட்டாங்கண்ணா. புதுசா வந்த ஆபீசர் சேலத்துக்காரர், நொம்ப நல்ல மனுசன். 'நீங்க எதுக்கும்மா கஷ்டப்படோணும்? கீழயே கையெழுத்துப் போட்டுட்டு ஊட்டுக்குப் போயிருங்க, சம்பளத்துல ஒரு கொறையும் வராது'ன்னு சொல்லிட்டார்."

எனக்கு இங்கே குழுக் கூட்டங்களில் கேட்டதெல்லாம் கிளம்பி வந்துவிட்டது. இது சட்டப்படி தப்பு, இங்கே என்றில்லை, நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது, நான் கலெக்டருக்கு ஒரு மெயில் போடுகிறேன் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

"போடாதீங்க" என்றாள் ரெஜினா. "நீங்க அங்கிருந்து போட்டா, இவளுக்குப் பேச ஒரு ஆளு வேணும்னு ஆயிரும். அதுவும் இதே கதைதானுங்க."

"எந்தக் கதை?"

"இத்தன வருஷத்துல என்னைய யாரும் ஒரு வார்த்த திட்டுனதில்லீங்ணா. திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழமை மீட்டிங் நடக்கும். ஒவ்வொருத்தரையும் எந்திரிக்க வெச்சு, உங்க சீட்டுல எத்தன மனு நிக்குது, ஏன் நிக்குதுன்னு கேப்பாங்க. வளர்மதிக்கா எல்லாம் அழுதிருக்காங்க. என் முறை வந்தா மட்டும், பரவாயில்லம்மா, நீங்க இருங்கன்னு அடுத்த ஆளுகிட்டப் போயிருவாங்க. போன ஆபீசரும் அப்படித்தான், அதுக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான். நான் பண்றதே வேலையில்லைன்னு எல்லாருக்கும் தெரியும் போலிருக்குதுங்க. எனக்கு மட்டுந்தான் தெரியாது."

ஜூன் விஷயத்தை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "மே மாசம் லீவுல வரேன், பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்தேன்.

4

பிலோமினாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் அனிதாவும் போனோம். மேலே ஏறும் பஸ்ஸில் கோடைக் கூட்டம். சேர்வராயன் கோயில் திருவிழாவும் நெருங்கியிருந்ததால் நிற்க இடமில்லை.

அனிதாவின் தமிழ் எங்கள் வீட்டுச் சமையலறையில் கற்றுக்கொண்ட தமிழ். அதில் 'ங்க' கிடையாது. நாங்கள் அவளை நீ என்போம், அவளும் எல்லோரையும் நீ என்பாள். வந்து இறங்கியதும் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்து, "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோருக்கும் இரண்டு முறை 'ங்க' போடும் ஊர் இது. நான் கூசிப்போனேன்.

ரெஜினாவுக்கு மட்டும் அவளை மிகவும் பிடித்துவிட்டது. இருவரும் கேரம் ஆடினார்கள். நாங்கள் எல்லோரும் ரெஜினாவுடன் ஆடினால் எப்படியோ ரெஜினா ஜெயித்துவிடுவாள். அனிதா அவளை ஈவிரக்கமில்லாமல் தோற்கடித்தாள். "நீ தப்பா அடிக்கற அத்தை, வெரலு மாத்தி வை" என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டாள். ரெஜினா பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு ஆட்டம் போடு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்த அம்மா, "புள்ளைக்கு விட்டுக் குடுக்கத் தெரியலியே சாமி" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

புதுக் கட்டடத்தில் வேலை தொடங்கும் நாள் ஒரு திங்கட்கிழமையாக அமைந்தது. காலையில் ரெஜினா சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். அலுவலகத்துக்குச் சேலை தவிர வேறெதுவும் கட்டாதவள். "இன்னிக்கென்ன கண்ணு?" என்று அம்மா கேட்டதற்கு, "சும்மாதாம்மா" என்றாள். நானும் அனிதாவும் வரலாமா என்று கேட்டேன். "வாங்க, ஆனா ஒண்ணும் பேசப்படாது" என்றாள்.

நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கியபோது அவள் சாய்தளத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். ஹாலில் மாவிலைத் தோரணம். அலுவலகத்தார் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். அலுவலக உதவியாளர் சின்னசாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு காத்திருந்தார். செம்மநத்தத்துக்காரர், காலையில் சொந்தக் காட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்.

"ஒக்காருங்கம்மணி. ரெண்டு ஆளு புடிச்சாப் பூ மாதிரி தூக்கிரலாம்."

"நாளைக்குங்க?" என்றாள் ரெஜினா.

"நாளைக்குந் தூக்கறேன்."

"நடுவுல பாத்ரூம் போகோணும்னா? கீழ ஒரு கூட்டத்துக்கு வரோணும்னா? உங்களக் காணோம்னா நான் மேலயே ஒக்காந்துட்டு இருக்கறதுங்களா?"

சின்னசாமி மற்றவர்களைப் பார்த்தார். நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். அதிகாரி முன்னால் வந்தார். நாற்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர்.

"நான்தான் சொன்னேனேம்மா. இதெல்லாம் எதுக்கு? பரவாயில்லம்மா, நீங்க இருங்க. இங்கயே ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க. அண்ணன் வேற ஊர்ல இருந்து வந்திருக்கார்."

"என் சீட்டு வேலைங்க சார்?"

"அத வளர்மதி பாத்துக்குவாங்க."

அப்போதுதான் அது நடந்தது. பின்னால் நின்றிருந்த வளர்மதி, உயரமான, கண்ணாடி போட்ட அம்மாள், கையில் இருந்த டிபன் பையை டக்கென்று மேசைமேல் வைத்தார்.

"நான் ஏனுங்க சார் பாக்கோணும்? என் சீட்டே கழுத்து வரைக்கும் கெடக்குது. அவ கணக்கையும் சேத்துக்கிட்டு, அப்பறம் மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு நான் பேச்சு வாங்கறதுங்களா? அவளுக்குச் சம்பளம் குடுக்கறீங்கள்ல? அவ வேலைய அவ பாக்கட்டும்."

இப்படியும் ஒரு பொம்பளையா என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. என் முகத்திலும்தான். சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் வளர்மதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவைப் பேப்பரில் பார்த்த அன்றைக்குக்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை.

"அவங்க சொல்றதுதான் சரிங்க சார்" என்றாள். "என் வேலைய நான்தான் பாக்கோணும்."

மாடிப்படிக்குப் போனாள். கட்டைகளை அனிதாவிடம் கொடுத்து, "மேல கொண்டு போயி வை" என்றாள். முதல் படியில் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் பின்னால் உள்ள படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, மேலே வைத்தாள். கால்கள் பின்னோடு இழுபட்டு வந்தன. மறுபடியும் கையை ஊன்றினாள். நான் ஓர் அடி முன்னால் வைத்துவிட்டேன். "அண்ணா, அக்கட்ட நில்லுங்க" என்றாள், திரும்பாமலே. நின்றேன். அதிகாரி ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வளர்மதி மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டே அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக ஏறினார்.

மேலே போய்ச் சேர்ந்து, கட்டையை வாங்கி ஊன்றி, தன் நாற்காலியில் உட்கார்ந்து, ரெஜினா உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. யாராவது தண்ணீர் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். வளர்மதி ஒரு கட்டு மனுக்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார்.

"இது உன்னுது. சாமான் மாத்துனதுல இருந்து என் டேபிள்ல கெடக்குது."

"அங்க எதுக்குக்கா வெச்சீங்க? தேடிட்டிருந்தேன்" என்றாள் ரெஜினா.

மாலையில் அவளுக்காக வாசலில் காத்திருந்தபோது அதிகாரி என்னிடம் வந்தார். எதிரே சில்வர் ஓக் மரங்களுக்குள் பனி இறங்கிக்கொண்டிருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "என் அக்கா பையன் ஒருத்தன் இதே மாதிரிதான். அவன ஒரு எடத்துக்கும் கஷ்டப்பட அனுப்ப மாட்டோம். அந்த நெனப்புலதான் சொல்லிட்டேன். காலைல இருந்து மனசே சரியில்லீங்க. உங்க ஊருல இதெல்லாம் எப்படிங்க?"

"எங்க ஆபீசுல லிப்ட் இருக்குதுங்க" என்றேன். அதற்கு மேல் பெருமையாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, தங்கையிடம்கூட அதுவரை சொல்லாத ஜூன் கதையை அவரிடம் சொன்னேன். எக்ஸ்பயர் ஆன கணவர் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "பத்து வருஷமா உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க. எல்லாரும் நல்லவங்க" என்றேன்.

அவர் திரும்பி ஹாலை ஒரு தடவை பார்த்தார்.

5

திரும்பி வந்து வேலையில் சேர்ந்த வாரமே கிரஹாமின் அறைக்குப் போனேன். டீயை நான் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். "என் வேலையில் என்னென்ன குறை என்று எனக்குச் சொல்லுங்கள். சொல்லாமல் திருத்தாதீர்கள்" என்றேன்.

அவர் காது சிவந்தது. ஜூன் சொல்லிவிட்டாரா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டார். நீ வேறு நாட்டிலிருந்து வந்தவன், குறை சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வாயோ என்று பயந்தோம் என்றார். அந்தப் பயம் பொய்யல்ல. குறை சொன்னதை நிறவெறி என்று புகார் கொடுத்தவர்களும் இங்கே உண்டு. "எழுதுவதில் குறை. அதனால்தான் அந்தப் பதவி கிடைக்கவில்லை" என்று கடைசியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவரைப் போல என்னைப் பார்த்தார்.

இப்போது என் கடிதங்கள் கோடு போட்டுத் திரும்பி வருகின்றன. தமிழில் யோசித்து, எஸ்டேட் ஆபீஸ் இங்கிலீஷில் எழுதி, அதை இந்த ஊர் இங்கிலீஷுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சில நாள் எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் கிரஹாமோடு ஒரு வாக்கியத்துக்காக வாக்குவாதமே செய்தேன். எக்ஸ்பயருக்குப் பதில் அவர்கள் எழுதும், வெறுமனே 'இறந்தார்' என்கிற வார்த்தை எனக்கு ரொம்ப மொட்டையாகப் படுகிறது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று மதியம் முதல்முறையாக அவர் மற்றவர்களோடு சாப்பிடப் போகும் கடைக்கு, வருகிறாயா என்று என்னையும் கேட்டார்.

மலையில் விஷயம் வேறு விதமாக நகர்ந்தது. அதிகாரி ஹாலில் பாதியைப் பலகை வைத்துத் தடுத்து ரெஜினாவுக்குக் கீழேயே சீட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார். போனில் நான் வாழ்த்துச் சொன்னேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் சுருக்கமாக. "எடமெல்லாம் நொம்ப விஸ்தாரம்."

"அப்பறம் என்ன?"

"ஆளே இல்லீங்ணா. காலைல சின்னசாமியண்ணன் பைலக் கொண்டாந்து வெப்பாங்க, சாயந்தரம் எடுத்துட்டுப் போவாங்க. மேல சிரிக்கற சத்தம் கேக்கும். என்னத்துக்குச் சிரிக்கறாங்கன்னு தெரியாது. படி ஏறும்போது கைதான் வலிச்சுதுங்க."

ஒரு மாதம் போல அப்படியே போனது. பிறகு ஒரு நாள், வளர்மதி தன் மேசையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டதாகச் சொன்னாள்.

"உனக்காகவா?"

"எனக்காகவா! 'உன் பைலுக்கும் என் பைலுக்கும் நடுவுல ஏறி எறங்கி என் முட்டி போச்சு, உன்னோட பெரிய ரோதன'ன்னு கத்திக்கிட்டே வந்தாங்க. வந்தவுடனே பேன் காத்து எனக்கு வேணும்னு என்னைய ஜன்னல் பக்கம் தள்ளிட்டாங்க. மனு குடுக்க வர்றவங்களும் இப்பக் கீழயே குடுத்துட்டுப் போயிர்றாங்க. நாள் பூராச் சந்தக்கட மாதிரி இருக்குதுங்க." அலுத்துக்கொள்வதாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினாள்.

திங்கட்கிழமைக் கூட்டமும் கீழே நடக்க ஆரம்பித்திருந்தது. ஒரு கூட்டத்தில் அவள் முறை வந்தபோது அதிகாரி, "பரவா..." என்று ஆரம்பித்தாராம். பாதியில் நிறுத்திக்கொண்டு, "உங்க சீட்டுல எத்தன நிக்குதும்மா?" என்று கேட்டாராம்.

6

போன வாரம் காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். அங்கே சாப்பாட்டு நேரம். ரெஜினா கூப்பிட்டாள்.

"அண்ணா, எனக்கு மெமோ குடுத்துட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரசாங்க வேலையில் மெமோ என்றால் சும்மா இல்லை. தவறுக்கு விளக்கம் கேட்டு எழுத்தில் கொடுப்பது. பதில் சரியில்லாவிட்டால் சம்பள உயர்வு நிற்கும்.

"யாரு? அந்த ஆபீசரா?"

"அவருதானுங்க. செம்மநத்தத்துல ஒரு தெருவுல கொழாய்ல தண்ணி வரலன்னு மனு குடுத்திருந்தாங்க. நான் இஞ்சினியர் ஆபீசுக்கு அனுப்போணும். இன்னொரு கட்டுக்கு அடில வெச்சு மறந்தே போயிட்டனுங்க. அந்தப் பொம்பளைங்க இத்தன நாளா மேட்டு மேல இருந்து கொடத்துல சொமந்திருக்காங்க. இன்னிக்கு நேரா சார்கிட்ட வந்துட்டாங்க. அவர் கீழ எறங்கி வந்து எல்லாரு முன்னாலயும் கேட்டார், 'ஏம்மா, படிச்சுட்டுத்தான வேலைக்கு வந்தீங்க? தண்ணி விஷயத்த இப்படிப் பண்ணுவீங்களா?'ன்னு. அந்தப் பொம்பளைங்களும் விடலீங்க. ஒரு அம்மா, 'கால் முடியலைன்னா என்ன, கை நல்லாத்தான இருக்குது'ன்னுட்டாங்க."

"சே! அப்படியா சொன்னாங்க?"

"சரியாத்தான சொன்னாங்க."

ஒரு கணம் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழத்தான் செய்தாள். நான் ஏதாவது சொல்லத் தேடினேன். இத்தனை நாள் நீ கேட்டது கிடைத்துவிட்டதே என்று சொல்லலாமா என்று நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"நொம்ப அசிங்கமா இருக்குதுங்ணா" என்றாள். "காலைல இருந்து தலையத் தூக்க முடியல. அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க, மெழுகுவத்தி ஏத்திட்டு ஒக்காந்துருவாங்க. மனுவ இப்பவே கையோட அனுப்பிட்டேன். நாளைக்கு லீவு போட்டுட்டு நானே வண்டி எடுத்துட்டுச் செம்மநத்தம் போயி, கொழாயப் பாத்துட்டு வரோணும். அந்த அம்மா மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னுதான் தெரியல."

"பதில் எழுதோணுமே. நான் வேணா எழுதித் தரட்டா?"

"நீங்களா!" என்றாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "வேண்டாஞ் சாமி. உங்களுதையே இன்னொருத்தர் திருத்தறாங்க." ஜூன் கதை அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கத் தேவையில்லை. அனிதா இருக்கிறாள்.

அதற்குள் பக்கத்திலிருந்து வளர்மதியின் குரல் கேட்டது. "ஏ ரெஜினா, அழுதது போதும். அந்த நடுப்பட்டிப் பைல எங்க வெச்ச?"

"உங்க டேபிள்லதான் வெச்சேன்."

"என் டேபிள்ல இல்ல. கண்ணத் தொடச்சுட்டுப் பாரு."

"ஏனுங்க்கா, நல்லாத் தேடுங்க. எல்லாத்துக்கும் என்னையே சொல்லுங்க!"

"பின்ன யாரச் சொல்றது? இன்னிக்குத்தான மெமோ வாங்குன?"

என்னிடம் வைக்கிறேன் என்று சொல்லாமலே ரெஜினா போனை மேசைமேல் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. கட்டை தரையில் ஊன்றும் சத்தம், இரும்பு அலமாரி திறக்கும் சத்தம், பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். யார் தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவர்கள் சண்டையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.